லுசேனாவில் நான் எரித்த செத்தல் மிளகாய்

மொன்றியலில் இருந்து பிலிப்பைன்ஸுக்குப் போன தமிழர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒரு சின்னப் பட்டணத்தில் வீட்டு ஆளாக இரண்டு மாதம் இருந்து, காலையில் கருவாடும் சோறும் தின்று, ஊர்ச் சனத்தோடு ஜீப்பில் நெரிபட்டுத் திரும்பியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாரும் இருந்தால் கடைக்கு வந்து சொல்லட்டும். ஒரு தேத்தண்ணி என் கணக்கில்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருகோணமலையில் இருந்து வெறுங்கையோடு வந்து, கோப்பை கழுவி, ஆபீஸ்களில் நிலம் துடைத்து, இப்போது கோட்-டெ-நெய்ஜில் சொந்தக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் ரேக்-அவே கடை நடத்துகிறேன். மேல் தட்டுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மறைத்து என்ன காணப்போகிறேன்?

என் மகன் சுதாகரன் கட்டியது பிலிப்பைன்ஸ் பிள்ளையை. பெயர் மரிசெல். ஆஸ்பத்திரியில் வேலை. இவர்களுக்கு மாயா பிறந்தபோது இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிஃப்ட். கார்டரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், இடம் கேட்டால் காத்திருங்கள், காத்திருங்கள் என்றார்கள். என் மனுசிக்கு முழங்கால் வருத்தம், ஓடுகிற பிள்ளையின் பின்னால் போகமாட்டாள். எனக்குக் கடை. அதனால் மாயா தவழத் தொடங்கிய வயதில் மரிசெல் அவளைக் கொண்டுபோய்த் தன் தகப்பன் வீட்டில், லுசேனா என்ற ஊரில் விட்டுவிட்டு வந்தாள். எங்கள் தெருவில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் பலர் அப்படி அங்கே வளர்ந்து வந்தவர்கள்தான்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. மாயாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்தது. மரிசெல் மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கு லீவு இல்லை. இரண்டாவது பிள்ளை பிறக்குமுன் மூத்தது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் மரிசெலின் ஒரே ஆசை. மாயாவுக்கென்று சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குளிர்கோட்டும் வாங்கி, அதைத் தடவித் தடவி என் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்பா, அவசரப்படாதேங்கோ. ரெண்டு மாசம் அங்க நிண்டு, பிள்ளை உங்களோட சேர்ந்த பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான் மகன்.

ஒரு கிழமை காணும் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். எங்கள் கடைக்கு வந்து அழுத எந்தப் பிள்ளை என் கையால் ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்றுவிட்டு அழுதிருக்கிறது?

மணிலாவில் இறங்கி லுசேனா பஸ்ஸில் ஏறியதும் முதல் பாடம் கிடைத்தது. வெப்ப நாடு என்று மெல்லிய சேட்டோடு போயிருந்தேன். பஸ்ஸுக்குள் குளிரூட்டி வைத்திருந்த குளிர் மொன்றியல் ஜனவரியைத் தோற்கடித்தது. உள்ளூர்ச் சனம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்கியது. நான், பனி தேசத்தில் பாதி ஆயுள் கழித்தவன், பேத்தியின் சின்னக் கோட்டை எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு நடுங்கினேன். வழியில் நிறுத்துகிற இடமெல்லாம் அவித்த முட்டையும் கச்சான் கடலையும் விற்கிறவர்கள் ஏறினார்கள். ஒருவன் என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு முட்டையைச் சூட்டோடு என் உள்ளங்கையில் வைத்துப் பொத்திவிட்டு, காசு வாங்காமல் இறங்கிப் போனான்.

பஸ் நிலையத்தில் இருந்து வீட்டுக்கு ட்ரைசிக்கிள். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு தகரக் கூடு பொருத்தியிருப்பார்கள், அதற்குள் குனிந்து புகுந்து உட்கார வேண்டும். நானோ கட்டை குட்டை அல்ல. வயிறும் கொஞ்சம் வளர்த்து வைத்திருக்கிறேன். புகுந்தது புகுந்துவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கத்தான் முடியவில்லை. ஓட்டி ஒரு கையையும் எதிர்வீட்டுக்காரன் மறு கையையும் பிடித்து இழுக்க, அரைவாசித் தெரு வந்து பார்க்க, என் சம்பந்தி வீட்டுப் பிரவேசம் அப்படி நடந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெட்டை வாய்விட்டுச் சிரித்தது. அவள்தான் மாயா. நான் நிமிர்ந்ததும் ஓடி ஒளித்துவிட்டாள்.

மரிசெலின் தகப்பனை எல்லோரும் லோலோ பென் என்கிறார்கள். லோலோ என்றால் அவர்கள் பாஷையில் தாத்தா. மனைவியை இழந்தவர். வாழ்நாள் முழுவதும் கப்பல்களில் சமையற்காரராக இருந்த ஒல்லி மனிதர். கூட இருப்பது அவருடைய மூத்த மகள், கலியாணம் கட்டாதவள், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் பெயர் பேபி. மாயாவை வளர்த்தது இந்தப் பேபிதான்.

லோலோ பென் என்னை "பலாயே" என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சம்பந்தி என்று மரிசெல் முன்பே சொல்லித் தந்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கிலிஷில் அப்படி ஒரு சொல் இல்லை, பிரெஞ்சிலும் நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் மொன்றியலில் மகனின் மாமனாரைப் பற்றிச் சொல்ல, என் மகனின் மனைவியின் தகப்பன் என்று வெள்ளைக்காரருக்கு நாலு சொல் செலவழித்தவன் நான். இங்கே ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

இரண்டு பேரின் இங்கிலிஷும் ஒரே அடுப்படியில் கற்றது. எது உப்பு, எது காரம், எது கருகியது என்பதில் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வரவில்லை. என் ஊரைச் சொன்னதும் அவர் யோசித்துவிட்டு, ஒரு தரம் கப்பல் அங்கே நின்றது, ரோட்டில் மான் திரிகிற ஊர்தானே என்றார். ஓம் ஓம் என்று தொடையில் தட்டினேன்.

காலையில் உள்ளி போட்டு வதக்கிய சோறு, பொரித்த கருவாடு, தொட்டுக்கொள்ள வினாகிரி. மொன்றியலில் கருவாடு பொரித்தால் மேல்தட்டு வாடகைக்காரர் யன்னலைத் திறந்து வைத்துச் சண்டைக்கு வருவார்கள். இங்கே தெரு முழுக்க அதே வாசம், ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. குளியலறையில் வாளியும் கைபிடி வைத்த கோப்பையும் இருந்தன. அதைப் பற்றி விரிவாக எழுத மனுசி விடமாட்டாள். கடதாசியோடு காலம் கழிக்கிற நம்மவர்களுக்கு விளங்கும்.

ஒரு நாள் பேபியோடு சந்தைக்கு ஜீப்பில் போனேன்; அங்கே ஜீப் என்றால் பஸ் மாதிரி ஊர்ச் சனம் ஏறுகிற நீட்டு வண்டி. ஓட்டிக்குப் பின்னால் முதல் இடம் காலியாக இருந்தது; எனக்கென்று மரியாதைக்கு விட்டிருக்கிறார்கள் என்று அதில் அமர்ந்தேன். ஜீப் ஓடத் தொடங்கியதும் பின்னால் இருந்து கைகள் நீண்டன. ஆளுக்கு ஆள் சில்லறை வாங்கிக் கைமாற்றி, கடைசியில் எல்லாம் என் கைக்குள் வந்து விழுந்தது. என் நரைத் தலையைப் பார்த்துப் பிச்சை போடுகிறார்களா? மொன்றியலில் கட்டடம் உள்ளவன் ஐயா நான் என்று தமிழிலேயே சொல்லி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். ஜீப் முழுவதும் திகைத்தது. பேபிதான் சிரித்துச் சிரித்து விளக்கினாள்: கண்டக்டர் இல்லை, முன்னால் இருப்பவர்தான் காசை ஓட்டியிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் லுசேனாவில் இருக்கவில்லை. மிச்சக் காசைக்கூடப் பிழை விடாமல் பின்னால் அனுப்பினேன்.

ஆனால் மாயா வரவில்லை. பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் அவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது அங்கே முறை. காலையில் பேபி சொல்ல மாயா ஓடி வருவாள், என் கையை நெற்றியில் ஒற்றுவாள், ஓடிவிடுவாள். அந்த ஒரு ஒற்றல்தான் நாள் முழுவதற்கும்.

கடைசியில் ரோல்ஸ்தான் வென்றது. ஒரு மத்தியானம் லோலோ பென்னும் நானும் போட்டி வைத்தோம். அவருடைய லும்பியா, என்னுடைய ரோல்ஸ். இரண்டும் சுருட்டிப் பொரிக்கிற சாமான்தான், அவருடையது விரல் போல ஒல்லி, என்னுடையது என்னைப் போல. தெருப் பிள்ளைகள் நீதிபதிகள். மாயா அவர் செய்ததை ஒரு கடி, நான் செய்ததை ஒரு கடி என்று மாறி மாறிக் கடித்தாள். காரத்துக்கு ஸ்ஸ் என்று ஊதிக்கொண்டே என் தட்டில் இருந்து இன்னொன்றை எடுத்தாள். எடுத்துக்கொண்டு என் மடியில் ஏறி இருந்தாள்.

அதற்குப் பிறகு என் பொழுது பறந்தது. அவள் குளிர்கோட்டைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் வியர்க்க வியர்க்கக் கழற்றமாட்டேன் என்று தெருவில் நடந்தாள். நான் பின்னால் போனேன். ரெலிபோனில் மரிசெல் கேட்டாள், வருவாளா மாமா என்று. நாளைக்கே வருவாள் பிள்ளை, நீ கட்டிலைத் தட்டி விரி என்றேன்.

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டில் பிறந்தநாள். வாழையிலைத் துண்டில் நூடில்ஸை வைத்துக் கொடுத்தார்கள். கையும் படக்கூடாது, முள்ளுக் கரண்டியும் கிடையாது, இலையை வாய்க்கு ஏந்தி உதட்டாலேயே இழுத்துத் தின்ன வேண்டும். நான் மீசையால் தின்றேன் என்று சனம் சிரித்தது. அந்தக் குஷியில் மாயாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: இந்தக் கண்ணைப் பாருங்கள், இந்தச் சுருள் முடியைப் பாருங்கள், மொன்றியல் முழுவதும் தேடினாலும் இப்படி ஒரு வடிவான பிள்ளை கிடைக்காது. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக எதையோ முணுமுணுத்தார்கள். பேபி இரண்டு தரம் முணுமுணுத்தாள். நான் சொன்னதை ஆமோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் புகழ்ந்தேன்.

என் மனுசி பக்கத்தில் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள். நாவூறு, கண்ணூறு என்பது நமக்குத் தெரியாத காரியமா? ஆனால் அது நம்மவர்களிடம் மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

பின்நேரமே மாயாவுக்குக் காய்ச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். நான் டாக்டரிடம் போவோம் என்றேன். போவோம், அதற்கு முதல் ஒரு சின்ன விஷயம் என்று லோலோ பென்னும் பேபியும் என் முன்னால் வந்து நின்றார்கள். பேபிதான் விளக்கினாள். அந்நியர் ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்துப் புகழ்ந்தால் அந்த ஆளின் சூடு பிள்ளையின் வயிற்றில் இறங்கிவிடும். அதற்கு உசோக் என்று பெயர்; பிறந்தநாள் வீட்டில் பெண்கள் முணுமுணுத்ததும் அது படாமல் இருக்கத்தான். புகழ்ந்தவரே தன் பெருவிரலை எச்சிலில் நனைத்துப் பிள்ளையின் வயிற்றில் தடவினால் போய்விடும்.

"சும்மா ஒரு துளி காணும். நீங்கள் தொட்டால்தான் சரி" என்றாள்.

எச்சில் என்ற சொல்லிலேயே எனக்கு உடம்பு கூசியது. ஒருவர் வாய் வைத்த கோப்பையில் நான் தண்ணீர் குடிக்கமாட்டேன், என் கடையில் ருசி பார்த்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போனால் சட்டியையே ஊற்றுவேன். ஆனால் உண்மையில் என்னைச் சுட்டது எச்சில் அல்ல. அந்நியர் என்ற சொல்.

"நான் அவளின்ர அப்பப்பா. என்ர ரத்தம். அந்நியன் எண்டு ஒத்துக்கொண்டு துப்புறதுக்கு நான் இஞ்ச வரேல்லை" என்றேன். பாதியைத் தமிழிலும் பாதியை இங்கிலிஷிலும் சொன்னேன். லோலோ பென் என் விரலை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு நான் செய்ததுதான் பெரிய வேலை. நாவூறுக்கு எங்களிடம் இல்லாத பரிகாரமா என்று அடுப்படிக்குள் போனேன். மொன்றியலில் இருந்து கொண்டுபோன செத்தல் மிளகாயில் ஒரு பிடி, உப்பு ஒரு பிடி. சுருண்டு கிடந்த பிள்ளையின் தலையைச் சுற்றினேன். முறைப்படி அவளை என் கைக்குள் மூன்று தரம் துப்பச் சொன்னேன். விளங்காமல் விழித்தாள், நான் துப்பிக் காட்ட, அவளும் துப்பினாள். கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

நம்மவர்களுக்குத் தெரியும், நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது, இல்லாவிட்டால் கமறும் என்பார்கள். லுசேனாவில் அது கமறிய கமறல்! பலகைச் சுவர், ஒரே கூரை. புகை நேரே மாயா கிடந்த அறைக்குள் போனது. பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்துவிட்டாள். பேபி அவளை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. நான் நடுத்தெருவில் கண்ணீர் ஒழுக நின்று, இது நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன தின்றாள் என்று கேட்டார். முதல்நாள் ரோல்ஸ், அன்று காலையும் ரோல்ஸ், பிறகு நூடில்ஸ், கேக். வயிற்றுக் குழப்பம் என்று மருந்து தந்தார். குற்றம் என் கண்ணில் இல்லை, என் ரோல்ஸில்தான் என்று லோலோ பென்னிடம் வெற்றியோடு சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிற மனிதர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காய்ச்சல் போய்விட்டது. மாயா எழும்பி ஓடத் தொடங்கினாள். ஆனால் என்னைக் கண்டதும் இருமினாள். முதலில் பயத்தில் வந்த இருமல்தான். நான் அறைக்குள் வந்தால் இருமல், கூப்பிட்டால் இருமல். பிறகு தெருப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நான் நடந்து போனால் வேலிக்கு வேலி இருமல் கேட்கும். எனக்குப் புகை லோலோ என்று பெயர் வைத்திருந்தார்கள். திரும்ப ரோல்ஸ் செய்து, காரம் போடாமல் செய்து, தட்டை நீட்டினேன். எட்டி நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பயண நாள் நெருங்கியது. எப்போது வெளிக்கிடலாம் என்று லோலோ பென்னைக் கேட்பேன். ஊர்த் திருவிழா முடியட்டும் என்பார். மழை விடட்டும் என்பார். பேபிக்குக் கொஞ்சம் சுகமில்லை, அது சரியாகட்டும் என்பார். ஒரு தரமும் இல்லை என்று சொல்லவில்லை. என்னில் மரியாதை வைத்து, இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார் என்று மகனிடம் ரெலிபோனில் பெருமையாகச் சொன்னேன். வாழ்நாள் முழுவதும் வாடிக்கையாளரின் முகம் பார்த்துப் பிழைத்த எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கடைசியில் நேரே கேட்டேன். அவர் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

"சம்பந்தி, நான் மறிக்கேல்லை. உங்கட பேத்தி, தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பிளேனுக்குள்ள இருமத் தொடங்கினா எங்க இறக்கிவிடுவீங்கள்?"

நானும் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் உள்ளி உரித்தேன்.

மரிசெலுக்கு நானே சொன்னேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. "பரவாயில்லை மாமா, விடுங்கோ. குழந்தை பிறந்த பிறகு நானே போய்க் கூட்டி வாறன்" என்று தான் படித்த தமிழில் சொன்னாள். அந்தத் தமிழை அவளுக்குப் படிப்பித்தது என் மனுசி.

பஸ் நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பேபி ஏதோ சொல்ல, மாயா முன்னுக்கு வந்தாள். இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றினாள். முறை தவறாத பிள்ளை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் குந்தி இருந்து, பெருவிரலை நாக்கில் நனைத்து, அவளுடைய சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி வயிற்றில் தடவினேன். கூச்சத்தில் நெளிந்தாள். லோலோ பென் என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"இப்ப அவளுக்குக் காய்ச்சல் இல்லையே, சம்பந்தி" என்றார்.

குளிர்கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். விமானத்தில் பக்கத்து ஆசனம் காலி. சாப்பாட்டு நேரத்தில் பணிப்பெண் வந்து, எனக்கொரு தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் சின்னத் தட்டொன்றும் வைத்தாள். கரடிப் படம் போட்ட மூடி, ஒரு சின்ன வர்ணப் பென்சில் கட்டு. பிள்ளை கழிப்பறைக்குப் போயிருக்கிறதா என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். பிறகு அவள் வந்து தொடாத தட்டை எடுத்துப் போனாள்.

வீட்டுக்கு வந்து மனுசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் என் பக்கத்தைக் கூட்டித்தான் சொன்னேன். என்னை அந்நியன் எண்டிட்டினம், பேந்து என்ன செய்யச் சொல்லுறாய் என்று கேட்டேன். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையின்ர துப்பலை உள்ளங்கையில ஏந்தின மனுசன், ஒரு சொட்டு உங்கட எச்சிலைக் குடுத்தால் என்ன? மூண்டு வருசம் முகம் பாராத பிள்ளைக்கு நீங்கள் அந்நியன் இல்லாமல் வேற ஆரப்பா?"

மரிசெலுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவ அறையில் இருந்து வந்தபோது அவள் முதலில் பார்த்தது வாசலைத்தான் என்று மகன் சொன்னான். அடுத்த கோடையில் கைக்குழந்தையோடு லுசேனா போக இருக்கிறாள். மாயாவின் கட்டிலில் இப்போது அந்தக் குழந்தையின் துணிகள் மடித்துக் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் மகன் வீட்டில் கூடி லுசேனாவுக்கு ரெலிபோன் எடுப்போம். தாயோடு, தகப்பனோடு, மனுசியோடு எல்லாம் பேசி முடிந்தபின் என் முறை வரும். நான் ஹலோ என்பேன். மாயா ஹலோ சொல்லமாட்டாள். ஒருக்கால் இருமுவாள். அங்கே பேபியும் லோலோ பென்னும் சிரிப்பது கேட்கும். நானும் இங்கிருந்து திருப்பி ஒருக்கால் இருமுவேன்.